திருடி வரைந்த வரைபடம்

காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைப் பிரித்தபோது சின்னவளுக்கு ஒரு குறையும் கண்ணில் படவில்லை. மூடி பளபளவென்று இருந்தது. பையில் பகடை சரியாக ஏழு. விதிப் புத்தகத்தின் தையல் உறுதி. முந்தின நாள் அச்சகத்திலிருந்து வந்து இறங்கிய எண்ணூறு பெட்டிகளும் கிடங்குச் சுவரோரம் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கி நின்றன. கடைசியாக அடியில் மடித்து வைத்திருந்த வரைபடத்தை விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு சின்னக் கம்பெனி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்து விளையாடும் கதை விளையாட்டுகளைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், வைத்தியன், திருடி என்று மாறி, பகடையை உருட்டி உருட்டி அவர் சொல்லும் கோட்டைக்குள் நுழைவார்கள். பெட்டிக்குள் இரண்டு வரைபடம் இருக்கும். கதை நடத்துபவருடையதில் எந்தத் தரை பிளக்கும், எந்தச் சுவருக்குப் பின்னால் கதவு ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் சிவப்பில் குறித்திருக்கும். விளையாடுகிறவர்களுடையதில் வெறும் சுவரும் வாசலும்தான். என்ன இருக்கிறதென்று தெரியாமல் நுழைவதுதானே விளையாட்டு.

இந்தப் பெட்டியில் இரண்டு வரைபடத்திலும் சிவப்பு.

எப்படி நடந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் சிவப்புக் குறிகள் தனி அடுக்காக, கண்ணாடி மேல் கண்ணாடி வைத்த மாதிரி, வரைபடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். வேண்டும்போது காட்டலாம், வேண்டாதபோது மறைக்கலாம். குறிகள் சுவரோடு ஒட்டி வருகிறதா என்று பார்க்க, விளையாடுகிறவர்கள் வரைபடத்திலும் அந்த அடுக்கைக் காட்டிப் பார்த்தவள் அவள்தான். மறைக்காமல் அச்சுக்கு அனுப்பியதும் அவள்தான். சரிபார்த்த தாளில் ‘எல்லாம் சரி’ என்று டிக் போட்டதும் சாட்சாத் அவளேதான்.

ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலை நிரந்தரம் என்று முதலாளி மேடம் கடிதம் கொடுத்தால்தான் இந்த நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க முடியும். இன்று புதன்.

கிடங்குக்குள் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, பெரிய தப்பு பண்ணிட்டேன்க்கா.”

“முதல்ல மூச்சு விடு. யாருக்கும் அடிகிடி படலையே?”

“இல்ல. பிரிண்ட்ல தப்பு. எண்ணூறு பெட்டியும் போச்சு.”

“மேடத்துக்குத் தெரியுமா?”

“தெரியாது. அப்படியே தெரியாமலே இருந்துட்டா...”

“ஏண்டி, வாங்கறவன் பெட்டியைத் திறக்கவே மாட்டானா? பூஜை பண்ணவா வாங்கறான்? எழுந்து போய் சொல்லு. நீ சொன்னா அது தப்பு. அவங்களா கண்டுபிடிச்சா அது திருட்டு.”

“கடிதம் குடுக்க மாட்டாங்கக்கா.”

“குடுக்கலைன்னா இங்க வா. அம்மா கட்டில்ல பாதி உனக்குத்தான். இப்ப போய் சொல்லு.”

சின்னவள் எழுந்தாள். எழுந்தவள் முகம் கழுவினாள். அப்புறம் கைகளைக் கழுவினாள். கைகளை இன்னொரு தரமும் கழுவினாள். இப்படியே முக்கால் மணி நேரம் ஓடிப்போனது. ஒருவழியாக மேடத்தின் அறை வாசலுக்குப் போனபோது உள்ளே மொத்த வியாபாரி உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர் பத்துக்கே வந்துவிட்டார். அறுபது கடைகளுக்கு இந்த மாதிரிப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் அவர். அட்டைப் படத்தைப் பார்த்து மயங்குகிற ஆளில்லை. கூட உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்காமல் ஒரு பெட்டியும் எடுக்க மாட்டார். அவர் எடுக்காத விளையாட்டு கிடங்கிலேயே தூசி பிடித்துக் கிடக்கும். அதுதான் அந்தத் தொழிலில் வழக்கம்.

“வா வா புதுசு,” என்றார் மேடம். ஆறு மாதமாகியும் அந்த ஆபீசில் அவள் பெயர் புதுசுதான். “மூணு பேர் வேணும். இவரு வீரன், நம்ம ஓவியர் வைத்தியர், நீ திருடி. உட்காரு.”

“மேடம், ஒரு நிமிஷம் வெளிய...”

“ஆட்டம் முடியட்டும்மா. இவருக்கு இன்னும் ரெண்டு கம்பெனிக்குப் போகணுமாம்.”

படம் வரையும் ஓவியர் ஏற்கெனவே நாற்காலியை நிறைத்து உட்கார்ந்திருந்தார். “என்ன புதுசு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? திருடின்னு சொன்னதும் மனசு குத்துதா?”

சின்னவள் உட்கார்ந்தாள். மேடம் புதுப் பெட்டியின் கண்ணாடித்தாளைக் கிழித்தார். பகடைகளைக் கொட்டினார். தன்னுடைய வரைபடத்தை அட்டை மறைப்புக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். இன்னொன்றை எடுத்து மேசை நடுவில், எல்லோரும் பார்க்கும்படி, தடவித் தடவி விரித்தார்.

ரத்தம் தெளித்த மாதிரி சிவப்புக் குறிகள்.

ஓவியரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மேடத்தின் கை தாளின் மேலேயே நின்றது. முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது. மொத்த வியாபாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“இதென்ன மேடம்? இங்க குழி, இங்க ரகசியக் கதவுன்னு எல்லாம் போட்டிருக்கே. பரீட்சைத் தாளோட விடையும் சேர்த்துக் குடுக்கற மாதிரி?”

மேடத்தின் பார்வை ஓவியரிடம் போய், அங்கிருந்து மெதுவாகத் தன் பக்கம் திரும்புவதைச் சின்னவள் பார்த்தாள். இதற்கு மேல் தாங்காது என்று தோன்றியது. சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தாள்.

“அந்தக் குறியெல்லாம் என் வேலைதான்.”

சொன்ன பிறகுதான் எல்லோரும் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. ஓவியர் பதறிப்போய்ப் பார்த்தார். மொத்த வியாபாரியோ ஆட்டம் தொடங்கிவிட்டது என்று நினைத்து, சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது திருடியின் குரலை.

சின்னவள் அந்தத் திருடியின் குரலையே பிடித்துக்கொண்டாள்.

“போன வருஷம் இந்தக் கோட்டைக்குள்ள நான் தனியா வந்தேன். அப்ப வரைஞ்சது இது. ஆனா பயம். கை நடுங்கிட்டே இருந்துச்சு. அவசர அவசரமா குறிச்சுட்டு ஓடிட்டேன். திரும்பச் சரிபாக்கவே இல்ல. அதனால... இதுல எது சரி எது தப்புன்னு எனக்கே தெரியாது.”

மேடம் அவளைப் பார்த்தபடியே இருந்தார். அவர் இருபது வருஷமாகக் கதை நடத்துகிறவர். மேசையில் என்ன விழுந்தாலும் அதை எடுத்துக் கதையில் செருகிக்கொள்வதுதான் அவர் தொழில். இதையும் எடுத்துக்கொண்டார்.

“சரிபாக்கவே இல்லையா?” என்றார். குரலில் கத்தி மாதிரி ஒன்று இருந்தது.

“இல்ல. மன்னிச்சிருங்க.”

“மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப இவளை நம்பி உள்ள போறீங்களா, இல்லையா?” என்று வியாபாரி பக்கம் திரும்பினார். “ஒவ்வொரு சிவப்புக் குறிகிட்ட வரும்போதும் நான் மறைப்புக்குப் பின்னால ஒரு பகடை உருட்டுவேன். ஆறு பக்கப் பகடை. ஒண்ணோ ரெண்டோ விழுந்தா அந்தக் குறி பொய். குழின்னு போட்ட இடம் நல்ல தரையா இருக்கும், பக்கத்துல இருக்கற நல்ல தரைதான் குழி.”

“நாலுல மூணு பங்கு உண்மைங்கறீங்க.”

“மூணுல ரெண்டு பங்கு.”

“அட, இவளை நம்பவும் முடியாது, நம்பாம இருக்கவும் முடியாதா!” வியாபாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அப்புறம் நடந்ததை ஓவியர் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். முதல் அறையில் குறி உண்மையாக இருந்தது. வியாபாரி குழியைச் சுற்றிக்கொண்டு போய், “திருடி நல்ல பொண்ணு” என்றார். இரண்டாவது அறையில் ரகசியக் கதவு என்று போட்டிருந்த சுவரில் போய் ஓங்கி மோதினார். “ஏய், இவ எதிராளியோட ஆளு!” என்று கத்தினார். வைத்தியர் அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே, “கை நடுங்குச்சாம், பாவம், குழந்தை” என்று உச்சுக் கொட்டினார். மூன்றாவது அறைக்கு வந்தபோது வியாபாரி எழுந்தே நின்றுவிட்டார். ஒரு குறிக்கு முன்னால் பத்து நிமிஷம் வாதாடினார்கள். கடைசியில் வியாபாரி கை நீட்டினார்.

“வரைஞ்சவளே முதல்ல போகட்டும்!”

சின்னவள் தன் குறியை நம்பி, குழி என்று போட்ட இடத்தை விட்டுப் பக்கத்துத் தரையில் கால் வைத்தாள். மேடம் உருட்டினார். மறைப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். முகத்தில் வஞ்சகமான ஒரு சந்தோஷம் வந்து போனது.

“தரை பிளக்குது,” என்றார்.

பன்னிரண்டரைக்கு வியாபாரி கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினார். “மேடம், இந்த மாதிரி வரைபடம் நான் எந்தப் பெட்டியிலயும் பாக்கல. ஆனா விதிப் புத்தகத்துல அந்தப் பகடை விஷயம் இல்லையே?”

“தனித் தாளா வருது. இன்னும் உள்ள வைக்கல,” என்றார் மேடம், கண் சிமிட்டாமல்.

“வச்சு அனுப்புங்க. எண்ணூறும் எனக்கு.”

கதவு சாத்திக்கொண்டது. ஓவியர் நிலைமையைப் புரிந்துகொண்டு, வராத இருமல் ஒன்றை இருமிக்கொண்டு நழுவினார். சின்னவள் எழுந்து நின்றாள்.

“மேடம், சிவப்பு அடுக்கை மறைக்காம அனுப்பினது நான்தான். டிக் போட்டதும் நான்தான். காலைல ஒன்பது மணிக்கே பாத்துட்டேன். உடனே வந்து சொல்லியிருக்கணும்.”

“ஒன்பது மணிக்கா? நீ வாசலுக்கு வந்தப்ப மணி பத்து. நடுவுல என்ன பண்ணின?”

“கை கழுவினேன் மேடம்.”

மேடம் அவள் கைகளைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முகத்தைக் கடுமையாக்கிக்கொள்ளப் பார்த்தார். அது முழுதாக வரவில்லை.

“நல்லாக் கேட்டுக்கோ. இனிமே அச்சுக்கு எது போனாலும் ரெண்டு பேர் கையெழுத்து. அந்தத் தனித் தாளை இன்னிக்கே நீயே எழுதற, நான் திருத்தறேன். எண்ணூறு பெட்டியையும் நீயே பிரிச்சு, தாளை வச்சு, மறுபடி கண்ணாடித்தாள் சுத்தற. ஒரு ஆள் செஞ்சா மூணு வாரம் பிடிக்கும்.”

“மூணு வாரமா?” சின்னவளின் குரல் கீச்சென்று வந்தது. “மேடம், எனக்கு வெள்ளிக்கிழமையோட...”

“தெரியும். கடிதத்துல திங்கட்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சு. மேசை டிராயர்ல இருக்கு. சாப்பிட்டுட்டு வந்து எடுத்துக்கோ.”

சின்னவள் கிடங்குக்குப் போனாள். காலையில் ஒளிந்த அதே இடத்தில், அதே பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அப்போதுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அக்கா போனை எடுத்தாள்.

“சொல்லித் தொலைடி. காலைலேந்து போனைக் கையிலயே வச்சிருக்கேன். அம்மா என்னாச்சு என்னாச்சுன்னு என் உசிரை வாங்கறா.”

“கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டாங்கக்கா. வாங்கறவரோட உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடினோம், நான் திருடி. பெட்டியும் எல்லாம் வித்துருச்சு. தப்பே பெட்டியோட சேர்ந்து வித்துருச்சு.”

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று. அப்புறம் தூரத்தில் அம்மாவிடம், “ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கா” என்று கத்தும் சத்தம். மறுபடி போனுக்கு வந்தாள்.

“ஆமா, விளையாடினீங்களே. நீ என்னவோ திருடின்னியே, ஜெயிச்சியா?”

“இல்லக்கா. செத்துட்டேன். மூணாவது அறையிலயே, நான் போட்ட குறியை நம்பி.”

“சனியனே,” என்றாள் அக்கா. “செத்ததை இவ்வளவு சந்தோஷமா சொல்றவ உலகத்துலயே நீ ஒருத்திதான். போய்ச் சாப்பிடு.”