ஆயா சொல்லாத பூச்சாண்டி

அபிராமபுரம் பங்களாவில் சமையல் செய்யும் முனியம்மாளுக்குப் புது ஆயா அன்புக்கரசிமேல் வந்த நாளிலிருந்தே சந்தேகம். குழந்தை சாப்பிட அடம்பிடித்தால் ஊரிலுள்ள ஆயாக்களெல்லாம் சொல்வதை இவள் மட்டும் சொல்வதில்லை. பூச்சாண்டி வருவான், ஊசி போடும் டாக்டர் வருவார் என்பாள், அதோடு சரி.

அன்று காலை முதலாளி செம்பியன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் முனியம்மாளே குழந்தையை மிரட்டினாள்.

"துன்னு கண்ணு. இல்லாங்காட்டி போலீஸ் வந்து புடிச்சுக்கினு பூடும்."

அன்புக்கரசி விறைத்து நிமிர்ந்தாள். "தப்பு செய்யாதவங்கள போலீஸ் எதுக்குப் பிடிக்கணும்? பொய் சொல்லிப் பயமுறுத்தாதீங்க!"

"ஒனக்கு இன்னாத்துக்கு இம்மாங் கோவம்?"

கேட்ட பிறகுதான், அது காக்கிச்சட்டைக் கோபம் என்று முனியம்மாளுக்கு உறைத்தது.

குழந்தை சமர்த்தாக விழுங்கிவிட்டது. செம்பியனுக்குத்தான் இட்லி தொண்டையில் இறங்கவில்லை.