மின்னிக்கு மூன்று கை

சீப்பை இழுத்தேன். மின்னியின் பிடரிமயிர் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. தொலைதூரப் பந்தயத்துக்கென்றே நான் பார்த்துப் பார்த்து வளர்த்த குதிரை. வாலைத் தொட்டேன்; அதுவும் உதிர்ந்தது. முன்னங்காலைத் தூக்கப் போனால் தரவே மாட்டேன் என்றாள். குளம்புக்கு மேலே, தோல் தொடங்கும் இடத்தில், சுற்றிலும் ஒரு வெடிப்பு.

கால்நடை டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவர் முகமே சரியில்லை.

"செலினியம் ஏதாவது குடுக்குறீங்களாம்மா?"

அது தசைக்கு வேண்டிய தாதுதான், ஆனால் துளி போதும், கூடினால் மயிரும் குளம்பும் போய்விடும் என்றார்.

"நானா? தீவனம், புல், தண்ணி. அவ்வளவுதான் டாக்டர்!"

என் கணவர் தொண்டையைச் செருமினார். "சாயங்காலத் தீனில நான் கொஞ்சம் சத்துப் பவுடர் போட்டேன். சொன்னா நீ திட்டுவே."

"அடப்பாவி மனுஷா!"

அவர் தம்பி தலையைச் சொறிந்தான். "அண்ணி, நானும்... காலைல தண்ணித் தொட்டியில டானிக்கு."

குழம்பில் உப்புக் குறைந்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிற அண்ணனும் தம்பியும், இதை மட்டும் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லாமல் பொத்திப் பொத்திச் செய்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இருவரையும் லாயத்திலேயே கட்டிப்போட்டிருப்பேன்.

"தீவன மூட்டையைக் காட்டுங்க," என்றார் டாக்டர்.

வைக்கோல் கட்டுக்குப் பின்னாலிருந்து இழுத்து வந்தேன்.

"இது எப்ப வந்துச்சு?" என் கணவர் வாயைப் பிளந்தார்.

விலையைக் கேட்டால் வீடு ரெண்டாகும் என்று, பந்தயக் குதிரைக்கான புதுத் தீவனத்தைப் பழைய டப்பாவில்தான் கொட்டி வந்தேன். டாக்டர் மூட்டையைத் தட்டினார்.

"இதுலயே செலினியம் கலந்துதாம்மா வருது. இதுக்கு மேல ஒண்ணுமே சேர்க்கக் கூடாது."

இருவரையும் திட்ட வந்த நான் அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பொழச்சுக்குமா டாக்டர்?"

"எல்லாத்தையும் நிறுத்துங்க, புல்லு மட்டும் போதும். ஓட்டத்தை மறந்துடுங்க. குளம்பு கழண்டுருச்சுன்னா... அப்புறம் என் கையில இல்ல."

தீனி நேரம். மின்னி நொண்டி நொண்டி வந்து, வழக்கம்போல ஒவ்வொருவர் கையாகத் தேடி முகர்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டோம்.