எட்டாவது பாட்டின் கடைசி நிமிடம்

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருக்கும் பெண்ணால் யாரையும் திட்ட முடியாது. இது என் வீட்டுக்கு வருகிற ஆண்களுக்கு நன்றாகத் தெரியும். மாலைக்குள் கொடுத்தாக வேண்டிய ஒரு கோட்டின் கையை நான் ஊசி குத்திச் சுருக்கிக்கொண்டிருந்தபோது, என் தையல் மேசையிலிருந்து எட்டி உதைக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்கள். பழைய குருடி, கதவைத் திறடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மற்ற வீடுகளில் மனிதர்கள் தூங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவர்கள் மூன்று பேர். ஒருவர் என் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிறவர். நாங்கள் குடியிருக்கும் மூன்றாவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. இன்னொருவர் அவருடைய பள்ளிக்கூட நண்பர். சாவி வெட்டிக் கொடுக்கும் கடை வைத்திருப்பதால் எல்லாருக்கும் அவர் சாவி, எனக்குச் சாவி அண்ணன். டாக்டர் ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று சொன்னதற்கு, இல்லை, உங்கள் மெஷின்தான் கொதிக்கிறது என்று வாதாடிவிட்டு மாத்திரை வாங்காமல் வந்தவர். மூன்றாவது என் தம்பி. பார்சல் வேன் ஓட்டுகிறவன். ஒழுங்காகத்தான் இருந்தான், என் கல்யாணத்துக்குப் பிறகு இவர்களோடு சேர்ந்து கெட்டுப்போனான். மூவருக்கும் பொதுவான தெய்வம் ஒரு ராக் குழு. இவர்களுக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே பாடுகிறவர்கள். டிரம்ஸ் அடித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாடுகிறவருக்குக் குரல் போய்விட்டது, முடி மட்டும் போகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் ஒரு புதிய ஆல்பம் போட்டார்கள். அதில் எட்டாவது பாட்டுதான் என் வீட்டு நிம்மதிக்கு வந்த வினை.

"குரல் போனவன் பாடக் கூடாதுடா," என்றார் என் வீட்டுக்காரர். "மரியாதையா மைக்கை வச்சுட்டுக் கிளம்பணும்."

"குரல் போனதைத்தான்டா பாடியிருக்காரு," என்றார் சாவி அண்ணன். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை."

"சரி, பாடினது பாடிட்டாரு. கடைசி ஒரு நிமிஷம் எதுக்கு? வாசிக்கிறதை நிறுத்திட்டு, ரெக்கார்டிங்கை அணைக்க மறந்துட்டு டீ குடிக்கப் போயிட்டானுங்க. அதுக்குப் பேரு கலையா?"

"அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்டா மத்ததெல்லாம்."

தம்பி கைப்பேசியைத் தேய்த்தான். "இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு மாமா. அந்த முடிவு, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போறவங்க வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாக்குற மாதிரி இருக்காம்."

"அவனை என் வாசல்ல வந்து நிக்கச் சொல்லு. நான் பேசிக்கிறேன்."

ஆல்பம் வந்த நாளிலிருந்து இதுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். காலம் என்பார்கள், முதுமை என்பார்கள், துணிச்சல் என்பார்கள், கடைசியில் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பிரிந்து போய், அடுத்த ஞாயிறு அதே நாற்காலிகளில் வந்து உட்காருவார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. இதில் ஒரு சடங்கு வேறு. பாட்டு ஓடும்போது மூன்று பேரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். நடுவில் கண்ணைத் திறந்தாலோ பேசினாலோ அடுத்த டீ அவர் போட வேண்டும். அந்த ஒரு விதியால் எனக்கு எப்போதாவது டீ கிடைக்கும் என்பதால் அதை மட்டும் நான் குறை சொல்வதில்லை.

அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு வழக்கத்தைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. காரணம் பாட்டு இல்லை. ஒரு கண்ணாடிக் கட்டடம். அங்கே லிஃப்ட் பதினோராவது மாடியைத் தாண்டும்போது கீச்சென்று மெல்லிசாக ஒரு சத்தம் வருகிறது என்று குடியிருப்பவர்கள் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவரும் போய்ப் போய்ப் பார்த்தார். லிஃப்டுக்குள் கண்ணை மூடி நின்று மேலும் கீழும் போய்வந்தாலே எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர். கம்பெனியில் இவருக்கு இருக்கிற மரியாதையே அந்தக் காதுக்குத்தான். ஒவ்வொரு முறையும் சத்தம் எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். புகார் நிற்கவில்லை. திங்கட்கிழமை சூப்பர்வைசரே கூட வருகிறாராம். சத்தம் இருப்பது உண்மையென்றால் இவரை இனி வெளியே அனுப்ப மாட்டார்கள், ஸ்டோர் ரூமில் நட்டும் போல்ட்டும் எண்ணச் சொல்லி உட்கார வைத்துவிடுவார்கள். காலையிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிப் பொருமிக்கொண்டிருந்தார். வேலை வெட்டி இல்லாத பணக்காரர்களின் கொழுப்பு என்று நானும் ஒத்து ஊதினேன்.

இதற்கு நடுவில் துணி துவைக்கிற மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட ஆரம்பித்தது. யாராவது வந்து கதவைத் திறக்கும்வரை கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கீ, கீ என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஜாதி அது. என் வீட்டுக்காரர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை நீட்டினால் தொடும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. நான் ஊசிகளை உள்ளங்கையில் துப்பினேன்.

"ஏங்க, மெஷின் கத்துதே, எந்திரிச்சுத் துணியை எடுத்துப் போட்டா என்ன? செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி, நானும் எத்தனை தடவைதான் சொல்றது?"

"இப்பதானே ஓடிக்கிட்டு இருந்துச்சு," என்றார், திரும்பிப் பார்த்து. பிறகு தம்பியிடம், "அந்தக் கடைசி நிமிஷத்தை மட்டும் வெட்டிட்டா, சுமாரான பாட்டுன்னு நானே சொல்லிடுவேன்டா மாப்ள."

ஆண்களின் காதுக்கு வீட்டுச் சத்தம் ஏறாது என்பது எனக்குத் தெரிந்ததுதான். லீவுக்குப் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும் எங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டர் கீ, கீ என்று கூப்பிட்ட பிறகும் அக்குளிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர். ஆனால் அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. வாயில் ஊசியும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா," என்றேன். "பாட்டு முழுக்கப் பல்வலிக்காரன் முனகுற மாதிரி இருக்கு. அந்தக் கடைசி நிமிஷம் ஒண்ணுதான் கேக்குறதுக்கே நல்லா இருக்கு. அந்த மணிக்காகத்தான் நான் இத்தனை நாளா உங்க மூணு பேரையும் வீட்டை விட்டுத் துரத்தாம வச்சிருக்கேன்."

"எந்த மணி?" என்றார் என் வீட்டுக்காரர்.

சாவி அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "நக்கலைப் பாத்தியா. மணியே இல்லையாம் துரைக்கு."

"இல்லடா. எந்த மணின்னு கேக்குறேன்."

அவர் முகத்தில் நக்கல் இல்லை. தம்பி கடைசி நிமிடத்தை மட்டும் போட்டான். கிட்டார் அடங்கியது. பாடுகிற கிழவர் ஒரு மூச்சு விட்டார். அப்புறம் அது வந்தது. சின்னக் கரண்டியால் கண்ணாடி டம்ளரின் விளிம்பைத் தட்டினால் வருமே, அதைவிடச் சன்னமாக, அவசரமே இல்லாமல், விட்டு விட்டு. பழக்கதோஷத்தில் தம்பியும் சாவி அண்ணனும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தம்பியின் விரல் அவன் முழங்காலில் மணி அடிக்கிறபோதெல்லாம் தட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கண்ணை மூடாமல் இருந்தார். அந்த விரலைப் பார்த்தார். அது எதற்காக எழுகிறது, எதற்காக விழுகிறது என்று பார்த்தார். எழுந்து போய் ஸ்பீக்கரில் காதை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார்.

"ஸ்பீக்கர் போயிருக்கும்," என்றார்.

மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. பதினோராவது மாடி. கீச்சென்று மெல்லிசாக. அந்தக் கட்டடத்துக்காரர்கள் பொய் சொல்லவில்லை. மெஷின் கத்துவதும் தெர்மாமீட்டர் கூப்பிடுவதும் இவருக்கு ஏறாமல் போனது சோம்பேறித்தனமும் இல்லை. பேச்சுக் கேட்கிற அந்தக் காதில் கீச்சுச் சத்தம் மட்டும் விழவில்லை. இத்தனை காலம் ஒரு நிமிடத்தைப் பற்றி இத்தனை பேச்சுப் பேசினார்களே, அதில் ஒரு மணி அடிக்கிறது என்ற ஒரு வார்த்தையை இந்த மேதாவிகளில் ஒருவருக்காவது சொல்லத் தோன்றியதா? காலமாம், முதுமையாம். எனக்கு மூன்று பேரையும் சேர்த்து அறைய வேண்டும்போல இருந்தது. சற்று முன்னால் சங்கு ஊதின என் வாயையும்தான்.

சாவி அண்ணன் கண்ணைத் திறந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"நீ சொல்றதும் சரிதான்டா," என்றார். "யோசிச்சுப் பாத்தா, அந்தக் கடைசி நிமிஷம் தேவையே இல்ல. சும்மா இழுத்துட்டானுங்க."

இவர் மெதுவாகத் திரும்பினார். அந்த மணி கேட்காததைவிட இந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் அவரைச் சாய்த்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. முகம் சுண்டிப்போனது.

"என்னடா சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"நீ எப்படா சரின்னு சொல்லியிருக்க? செத்தவன் வீட்டுல பேசுற மாதிரி பேசுற. என்னைப் பாத்தா பாவமா இருக்கா உனக்கு?"

"அப்படி இல்லடா." சாவி அண்ணன் தரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு நான் கூட வரேன். ஹெல்பர்னு சொல்லு. பதினோராவது மாடிகிட்ட சத்தம் வந்தா உன் முதுகுல தட்டுறேன். நீ அப்பதான் கேட்ட மாதிரி சொல்லிடு. யாருக்குத் தெரியப் போகுது?"

தம்பி என்னைப் பார்த்தான். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, எனக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் மனசு போனது. ஸ்டோர் ரூமில் நட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரி என்று சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜனங்க ஏறுற பொட்டிடா அது," என்றார் இவர். "நாளைக்கு முதுகுல தட்டுவ. அதுக்கு மறுநாள்? தினமும் கடையைப் பூட்டிட்டு என் பின்னாடி வருவியா?"

இவர் ஸ்பீக்கரை விட்டுவிட்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில், துணி வெட்டுகிற ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தார், வைத்தார்.

"சூப்பர்வைசர்கிட்ட நானே சொல்லிடுறேன்," என்றார் என்னிடம். "அவங்க கண்டுபிடிச்சு சொல்றதுக்கு முன்னாடி."

"சொல்லுங்க," என்றேன்.

"மாப்ள, அதைத் திரும்பப் போடு."

தம்பி தயங்கினான். "மாமா, வேணாம்."

"போடுறா."

பாட்டு ஓடியது. கிட்டார் அடங்கும் இடம் வந்ததும் இவர் கையை நீட்டி, என் மடியில் இருந்த கோட்டின் மேல் மல்லாத்தி வைத்தார். என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. மணி அடித்தபோது அவர் மணிக்கட்டில் என் விரலால் தட்டினேன். அடுத்ததற்குத் தட்டினேன். நடுவில் வருகிற நீண்ட இடைவெளியில் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். விதிப்படி கண்ணை மூடியிருந்தார். இரண்டு மணியோசைகளுக்கு நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை நானும் அன்றைக்குத்தான் கவனித்தேன். பாட்டு முடிந்துவிட்டது. என் விரலுக்கு அது தெரியவில்லை, இன்னும் ஒரு தடவை தட்டிவிட்டது.

"தங்கச்சி, அந்தக் கடைசித் தட்டு பாட்டுல இல்ல," என்றார் சாவி அண்ணன். அவரால் சும்மா இருக்க முடியாது.

இவர் கண்ணைத் திறக்கவில்லை. "இருந்திருக்கணும்டா. அது இல்லாமதான் பாட்டு நொண்டுது."

"கேக்கவே இல்ல, அதுக்குள்ள குறை சொல்ல வந்துட்டான்."

தம்பி விறைத்துப்போய்விட்டான். இவர் கண்ணைத் திறந்து சாவி அண்ணனை நேராகப் பார்த்தார். காலையிலிருந்து அவர் முகத்தில் இல்லாத பழைய சண்டைக் களை வந்தது.

"கேட்டாச்சுடா," என்றார். "கேட்டுட்டுத்தான் சொல்றேன். தேவையில்லாத மணி. அழ வைக்கிறதுக்குன்னே அடிச்சிருக்கான்."

"உனக்கு ரசனை செத்துப்போய் வருஷக்கணக்காச்சு."

"உனக்குப் பொறக்கவே இல்ல."

மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். வெளிச்சம் சாய்ந்துகொண்டிருந்தது. கோட்டுக்காரர் வந்து கதவைத் தட்டப் போகிறார், ஒரு கை கூடத் தைத்து முடிக்கவில்லை. இவர் வாய் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தது, கை மட்டும் என் மடியில் அப்படியே கிடந்தது. அப்போது மெஷின் மறுபடியும் கூப்பிட்டது. கீ, கீ. யோசிக்காமல் அதற்கும் அவர் மணிக்கட்டில் தட்டினேன்.

பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இது என்ன?"

"துணி," என்றேன்.

எழுந்து போனார். மெஷின் கதவைத் திறந்ததும் சத்தம் நின்றது. நின்றதா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையாட்டினேன். ஈரத் துணிகளில் தன்னுடைய நீலச் சட்டையைத்தான் முதலில் உருவி எடுத்தார், கம்பெனி பெயர் போட்டது, நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டியது. பால்கனிக்குக் கொண்டுபோய் ஓர் உதறு உதறி, கொடியில் போட்டு, இரண்டு தோளையும் இழுத்துச் சமமாக்கினார். அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கீழ் வீட்டுத் தகரச் சாய்ப்பில் டிங், டிங்கென்று விழுந்துகொண்டிருந்தது. அவர் கம்பிமேல் குனிந்து, ஒவ்வொரு சொட்டும் விழுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.