இடது காலை நீட்டும் நாய்

கால்நடை மருத்துவக் கல்லூரிச் செய்முறைத் தேர்வில் அவளுக்கு இது மூன்றாவது முறை. இதிலும் கோட்டைவிட்டால் படிப்புக்கே முழுக்கு. போன முறை கேள்வி அட்டையில் இருந்த நேரக் கெடுவைக் கவனிக்காமல் தோற்றதால் இந்த முறை இரண்டு தடவை படித்தாள். ‘வலது முன்காலில் கட்டுப் போடவும். எட்டு நிமிடம்.’

மேசைமேல் கல்லூரி நாய் உட்கார்ந்திருந்தது. போன வருடம் வரை அட்டையில் இடது கால்தான். பத்து வருடம் தேர்வுக்கு வந்து அதற்கு எல்லாம் மனப்பாடம். அவள் பஞ்சை எடுத்ததுமே இடது காலை நீட்டியது.

“அது இல்லடா ராசா, இந்தக் கால்.”

வலது காலைப் பிடித்தாள். நாய் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு மறுபடி இடதை நீட்டியது. மல்லுக்கட்டிக் கட்டுத்துணியை இரண்டு சுற்று சுற்றுவதற்குள் மணி அடித்துவிட்டது.

தேர்வு நடத்துபவர் மதிப்பெண் தாளில் சுழி போட்டார். “கட்டு முடியலையேம்மா.”

“மத்தவங்க மட்டும் எப்படி சார் முடிச்சாங்க?”

“நாய் குடுத்த கால்ல கட்டினாங்க. அம்சமா இருந்துச்சு.”

“அட்டையில வலதுன்னு இருக்கே சார்.”

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அன்று முதல்முறையாக அட்டையைப் படித்தார். பிறகு தன் மதிப்பெண் தாளைப் பார்த்தார்.

“இதுல கட்டு முடிஞ்சுதா, இறுக்கமா இருக்கான்னுதாம்மா கேட்டிருக்கு. எந்தக் கால்னு கேக்கல.”

அவள் வெளியேறும்போது அடுத்தவன் உள்ளே வந்தான். அட்டைப் பக்கமே அவன் திரும்பவில்லை. நாய் இடது காலை நீட்டியது.