சாந்தினிக்கு வாயு இல்லை

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. கால்நடை மருத்துவர்கள் பொறுமைசாலிகள் என்று யாரோ கிளப்பிவிட்ட புரளியை நான் தினமும் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறேன். மாட்டுக்கு மருந்தே கொடுக்காமல் கொடுத்தேன் என்பவர்களை நான் திட்டுவது தெருமுனை டீக்கடை வரை கேட்கும். ஆனால் ஊர்வலத்தை நிறுத்தி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுரோட்டில் கத்தியது ஒரே ஒரு முறைதான். அது சாந்தினிக்காக.

சாந்தினி வெள்ளைக் குதிரை, கல்யாணக் குதிரை. அடி அண்ணாமலையில் ஜியாவுல்லா பாய் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் இருப்பாள். சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாய்க்கு அவள் தொழில். அவர் மனைவி குர்ஷித் பேகத்துக்கு அவள் மகள். தாயில்லாக் குட்டியாக வந்தவளுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது அந்த அம்மாதான்.

சாந்தினிக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது, சினை பிடிக்கவில்லை. போன வருடம் இரண்டு முறை ஆண்குதிரையோடு சேர்த்தார்கள், இரண்டும் வீண். சோதித்துப் பார்த்தால் கருப்பையில் அழற்சி, உள்ளே சீழ். கழுவிவிட்டு, கிருமி எதுவென்று கண்டுபிடித்து, அதற்கேற்ற மருந்து போட்டேன். சுத்தமாகக் குணமாகிவிட்டது. இந்தப் பருவத்தில் பார்த்தால் மறுபடியும் சீழ்! கொட்டகையைக் குறை சொல்ல வழியில்லை. அந்த அம்மா வைத்திருக்கும் சுத்தத்துக்கு நானே அங்கே போய்ப் படுத்துத் தூங்குவேன். பிறகு எங்கிருந்துதான் வருகிறது இந்தச் சனியன்?

பாய் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"இந்த சீசன் பாப்போம் மேடம். ஒரு குட்டி போட்டுச்சுன்னா அத்த பழக்கி தொழிலுக்கு வச்சிக்கலாம், தாயும் நம்மகிட்டயே இருந்துட்டுப் போவட்டும். இல்லன்னா தரகர்கிட்ட வுட்டுட்டு சின்ன வயசு குதிரையா மாத்திக்கறேன். வேற வழி தெரியல."

குர்ஷித் பேகம் சாந்தினியின் பிடரியைச் சீவிக்கொண்டே இருந்தார். சீவ அங்கே சிக்கு எதுவும் மிச்சமில்லை.

"வேற ஏதாச்சும் தொந்தரவு இருக்காம்மா? தீனி, லத்தி, நடை எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா" என்றார், கேட்டு முடிப்பதற்குள். பாய் கூரை ஓட்டைப் பார்த்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்த மாதமே கீழ்பென்னாத்தூரில் என் சித்தி மகன் சுரேஷ்குமாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குச் சாந்தினி வந்திருந்தாள். தலையில் குஞ்சம், கழுத்தில் சலங்கை, மேலே கோட்டு சூட்டில் எங்கள் சுரேஷ். முன்னால் பலராமன் பேண்டு செட். கீழ்பென்னாத்தூரே காது பொத்திக்கொண்டது.

வழியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. அதன் வாசலில் வாத்தியம் வாசிக்கக் கூடாது, அது ஊர் வழக்கம். பலராமன் கையைத் தூக்கினார், சத்தம் நின்றது. வாத்தியம் இல்லாத இடத்தில் ஊர்வலம் நிற்குமா? ஆடுகிறவர்கள் கூட வேர்வையைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தார்கள். பாயும் கயிற்றைச் சுண்டினார். சாந்தினி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

புர்ர்... புர்ர்... புர்ர்...

ஒவ்வோர் அடிக்கும் ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து. தெருவே கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள், பையன்கள் வெளிப்படையாகவே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தி முகம் செத்துப்போனது. எனக்கோ சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. கூட்டத்தை இடித்துக்கொண்டு குதிரைக்குப் பின்னால் ஓடினேன்.

"பாய்! நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் ஓட்டுங்க!"

"அக்கா, வேணாங்க்கா, மானம் போவுது!" என்றான் மேலிருந்து சுரேஷ்.

"உன் மானத்த அப்புறம் பாத்துக்கலாம். ஓட்டுங்க பாய்!"

புர்ர்... புர்ர்... வேறெந்தக் கச்சேரியும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

பலராமன் பதறிப்போய் என்னிடம் வந்தார். "கோச்சிக்காதீங்க மேடம். ஆஸ்பத்திரி தாண்டட்டும், பெரிய டிரம்ம போட்டு சத்தம் வெளிய வராம பண்ணிடறேன். எப்பவும் அப்டித்தான் பண்ணுவோம். பாய் சொல்லி வச்சிருக்காரு."

அங்கேதான் ஊர்வலத்தையே நிறுத்திவிட்டு நான் கத்தினேன்.

"எத்தினி நாளா இந்த சத்தம்? ஏன் பாய் என்கிட்ட சொல்லல?"

"அது வாயுங்க மேடம்" என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டே. "ஓமத்தண்ணி குடுத்துட்டுத்தான் இருக்கோம். இத்தப் போயி ஒரு லேடி டாக்டர்கிட்ட எப்டிங்க சொல்றதுனு எங்க வூட்ல சொல்லிட்டாங்க."

மறுநாள் காலை கொட்டகையில் போய் நின்றேன். சாந்தினியைத் தெருவில் ஓடவிட்டுக் கேட்டேன், வாலைத் தூக்கிப் பார்த்தேன். பிறப்புறுப்பின் மேல்பக்கம் சரியாக மூடவில்லை. நின்றுகொண்டிருக்கும்போது தெரியாது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் காற்றை உள்ளே இழுக்கிறது, காற்றோடு தெருப் புழுதியும் லத்தித் தூசும் போகிறது. நான் கழுவிக் கழுவி அனுப்ப, அவள் கல்யாணத்துக்குக் கல்யாணம் போய் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அவளுக்கு வாயு இல்லம்மா. மேல நாலு தையல் போட்டா காத்து போவாது, கர்ப்பப்பையும் புண்ணாவாது. குட்டி போடறப்ப பிரிச்சி விட்டுடலாம்."

"தையலா? அங்கயா?" பாய் இரண்டடி பின்னால் போனார்.

"நம்ம அப்ரோஸ் பொறந்தப்ப எனக்குப் போடலியா? அப்ப நீங்க எங்க இருந்தீங்க? தள்ளுங்க அந்தாண்ட" என்றார் குர்ஷித் பேகம். சாந்தினியின் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நாந்தாங்க வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். நீங்க போடுங்க."

முதலில் புண்ணை ஆற்றினோம். கருப்பை சுத்தமான பிறகு ஆண்குதிரையோடு சேர்த்தார்கள். அதன் பின் மரத்துப்போக ஊசி போட்டுத் தையல் போட்டேன். காயம் ஆறியதும் தெருவில் ஓடவிட்டோம். குளம்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாய் தன் காதையே சந்தேகப்பட்டு இன்னொரு முறை ஓடவிட்டார்.

ஆனால் சத்தம் நின்றால் போதுமா? சினை நிற்க வேண்டுமே. ஸ்கேன் பார்க்கிற அன்றைக்கு விடிந்ததுமே கிளம்பிப் போனேன். கொட்டகை வாசலில் ஒரு மினி வேன் நின்றது. தரகர், சொன்ன நாளுக்கு முன்னாலேயே வந்து, சாந்தினியின் கயிற்றை இப்போதே கையில் பிடித்துக்கொண்டிருந்தார். குர்ஷித் பேகம் எதிர்ச் சுவரோரம் நின்றார். கிட்டே வரவே இல்லை.

கையுறை போட்டுக்கொண்டு, ஸ்கேன் கருவியோடு கையை ஆசனவாய்க்குள் விட்டேன். திரையில் சாம்பல் நிறம் அலைந்தது. தேடினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். கறுப்பாக ஓர் உருண்டை வந்தது. அதன் ஓரத்தில் ஒரு மொச்சையளவு வெளுப்பு. அதற்குள் ஏதோ விட்டுவிட்டு மின்னியது.

"அது என்னங்க துடிக்குது?" என்றார் பாய்.

"குட்டியோட இதயம்."

சொன்ன கையோடு தரகரைப் பார்த்து வெளிச்சத்தை மறைக்காதே என்று ஒரு அதட்டல் போட்டேன். பாய் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு தரகர் கையிலிருந்த கயிற்றை வாங்கி, சுவரோரம் கொண்டுபோய் மனைவியின் கையில் வைத்தார்.

தரகருக்குப் பொறுக்கவில்லை. "வேன் வாடகைக்கு எடுத்துட்டு வந்துட்டேனேம்மா. இப்ப நான் என்ன பண்றது?"

குர்ஷித் பேகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார்.

"உள்ள வந்து டீ குடிச்சிட்டுப் போ தம்பி. என் பொண்ணு மாசமா இருக்கா."