கடைசிச் செங்கலுக்கு முன்

வேனின் கூரை மேல் நின்று ராமிரோ இரட்டை இருக்கை சைக்கிளின் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, தொர்ரெலோசா ஊருக்குள்ளிருந்து வாணம் ஒன்று சீறிக் கிளம்பி வெடித்தது. வாணம் வெடித்தால் மாடுகளைத் தெருவில் விட்டாயிற்று என்று அர்த்தம். அடுத்தது வெடிக்கும்போது எல்லாம் பட்டிக்குள் திரும்பியிருக்கும். நடுவில் அந்த ஊரைக் கடந்துபோகிற ஒரே தெருவுக்குள் வேலையிருக்கிறது என்று எவனும் போகமாட்டான்.

ராமிரோ போயாக வேண்டும். கீழே அம்மா கசில்டா கருப்புப் பாவாடைக்கு அடியில் மழைக்காலச் சைக்கிள் கால்சட்டையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கழட்டிட்டியா? இல்ல, அதுக்கும் ஃபாதர் வந்து ஜெபம் பண்ணணுமா?"

அப்பா அமாதேயோ நேற்று மதியம் சாப்பிட்டு முடித்து, காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தவர், கலக்குவதை நிறுத்தினார். அவ்வளவுதான். இன்று நண்பகலுக்குள் அவர் பிறந்த மிராவாலில் அடக்கம். சவ வண்டி காலையிலேயே தெருவை அடைப்பதற்கு முன்னால் கடந்து போய்விட்டது. இவர்களும் கூடவே போயிருக்கலாம். ஆனால் இவர்கள் நடத்தும் விடுதியில் எட்டு டென்மார்க்காரர்கள் இருந்தார்கள். செத்தது என் புருஷன், பட்டினி கிடக்கிறது அவர்களா என்று கசில்டா அடுப்படியை விட்டு நகரவில்லை. ஆளுக்கு இரண்டு முட்டை பொரித்துப் போட்டு, சைக்கிள்களுக்குக் காற்றடித்து அனுப்பிவிட்டுத்தான் வேனில் ஏறினாள்.

இன்று புனித ரோக் திருநாள் என்பது தொர்ரெலோசாவின் மரத்தடுப்பைப் பார்த்தபோதுதான் இருவருக்கும் உறைத்தது. வருடா வருடம் வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் திரட்டிக்கொண்டு வந்து இந்த மாட்டோட்டத்தைக் காட்டிக் காசு பார்க்கிற குடும்பம், போஸ்டரில் கொட்டை எழுத்தில் தேதி போடுகிற குடும்பம், அதை மறந்து நின்றது.

மலையைச் சுற்றிக்கொண்டு போனால் மூன்று மணி நேரம். அடக்கத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ராமிரோ ஃபாதர் செவெரீனோவுக்கு போன் போட்டான். நாலு ஊர் தன் ஒருவன் தலையில் இருக்கிறது, ஒரு மணிக்கு அடுத்த ஊரில் பூசை, போப் வந்தாலும் நிறுத்த முடியாது என்றார் அவர். கொத்தனாரும் மதியத்து மாட்டோட்டம் பார்க்கப் போக வேண்டுமாம். சவப்பெட்டியைக் கல்லறைச் சுவரின் அறைக்குள் தள்ளி, சொன்ன நேரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்துவிடுவானாம்.

அடைத்துவிட்டால் அப்புறம் என்ன, நாளைக்குப் போய்ப் பூ வைக்கலாமே என்று ராமிரோ மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"அடைக்கிறதுக்கு முன்னாடி உங்கப்பா கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் கசில்டா.

"என்ன?"

"அவர் கிட்டன்னு சொன்னேன்."

தடுப்பின் மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள் எர்மீனியா. ஊர்த் தலைவி. ஒரு கையில் அடுத்த வாணம், மறு கையில் சிகரெட். சைக்கிளைப் பார்த்ததும் என்ன கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நண்பகல் வரை தெரு திறக்காது, விட்டிருக்கிற ஆறு இளம் கிடாரிகளும் சூடாக இருக்கின்றன, ஒன்று ஏற்கெனவே தபால்காரனின் கால்சட்டையைப் பாதியாக்கிவிட்டது என்று தலையை ஆட்டினாள்.

"நீ சாவுக்குப் போறேன்னு மாட்டுக்குத் தெரியாதுடி, கசில்டா."

"நான் வரலன்னா அவருக்குத் தெரியும்."

எர்மீனியா சிகரெட்டைக் கட்டையில் நசுக்கினாள். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில், தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. பால்கனிகளில் இருந்த ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கிடாரிகளைச் சதுக்கத்துக்கு இழுங்கடா, அமாதேயோ பெண்டாட்டி போகணும் என்று கத்தினாள். சட்டையைக் கழற்றி வீசிக்கொண்டு பத்துப் பேர் தெருவில் குதித்தார்கள்.

தடுப்பின் ஒரு கட்டை நகர்ந்தது. ராமிரோ முன்னால், கசில்டா பின்னால். சைக்கிள் உள்ளே பாய்ந்தது.

கல் பாவிய தெரு. ஹேண்டில் கையில் தந்தியடித்தது. சதுக்கத்தின் கீழ்மூலையில் கிடாரிகளைச் சட்டைகளும் கூச்சலும் கட்டிப்போட்டிருந்தன. ராமிரோ எண்ணினான். ஐந்து.

ஐந்துதான் இருந்தன.

"பேக்கரிச் சந்து" என்றாள் பின்னாலிருந்து கசில்டா, பஸ்ஸில் நிறுத்தம் சொல்கிற குரலில். "வலப்பக்கம். செம்பட்டைக் கிடாரி. நம்மளப் பாத்துடுச்சு. மிதி."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குளம்புச் சத்தமே போதுமாக இருந்தது. தெருவின் குறுக்கே நின்ற நானூறு ஆண்டு பழைய கல்வளைவுக்கு அடியில் அந்தச் சத்தம் இரண்டு மடங்காகி முதுகில் ஏறியது. தடுப்புகளுக்குப் பின்னால் ஊரே விசிலடித்தது, பந்தயத்தின் கடைசி நூறு மீட்டருக்கு அடிக்கிற மாதிரி. படார் என்று ஓர் இடி. பின் மட்கார்டு கழன்று தெருவில் உருண்டது.

"மட்கார்டுதான். இடப்பக்கம் ஒடி. கேட்டைத் திறக்கிறாங்க."

கேட் ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது. நுழைந்தார்கள். பின்னால் மூடிய கட்டையில் கொம்பு மோதியதில் தூசி பறந்தது. விசில் அதற்கப்புறம்தான் அடங்கியது. கருப்பு உடையை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். தடுப்பில் தொற்றிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

அதன் பிறகு கணவாய் ஏற்றம். அறுபத்தெட்டு வயது அம்மா பின்னால் பாரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தான். பின்னால் இருந்தது மோட்டார். நுரையீரல் வெடிக்கப் பார்த்தது அவனுக்குத்தான். அவளுக்குப் பேச மூச்சிருந்தது. பேசினாள்.

பேச்சு என்றால் பேச்சு. சரளை வருது என்றாள். எதிரே டிராக்டர், ஓரம் போ என்றாள். ஆட்டுப்பட்டியின் கதவுக்கு நீலம் அடித்திருக்கிறார்கள், பழைய சிவப்பே தேவலை என்றாள். விருந்தாளிகள் அவளுக்குக் கசில்டா வானொலி என்று பெயரே வைத்திருந்தார்கள். எந்த நாட்டுக்காரன் வந்தாலும் முதல் நாள் சிரிப்பான், மூன்றாம் நாள் அப்பாவைப் பரிதாபமாகப் பார்ப்பான். அப்பா மட்டும் சலித்துக்கொண்டதில்லை. முதுகுவலி என்று வேன் சாவியை மகனிடம் நீட்டிய பிறகும்கூட, இந்தச் சைக்கிளின் முன் இருக்கையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேன் ஓட்ட முடியாத முதுகு சைக்கிளுக்கு மட்டும் எப்படி வளைகிறது என்று ராமிரோ ஒருமுறை குத்தலாகக் கேட்டிருக்கிறான். அப்பா சிரித்ததோடு சரி.

உச்சியைத் தாண்டியதும் உலகமே கீழே சரிந்தது. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றின் மடியில் ஒன்றாகக் கிடந்தன. அடியில் பழுப்புக் கூரைகளும் ஒரு கோபுரமுமாக மிராவால். அவன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்தான். காற்று காதைக் கிழித்தது. சாவு வீட்டுக்குப் போகிறவனுக்கு வரக்கூடாத ஒரு குதூகலம் வயிற்றிலிருந்து எழும்ப, அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"இடது, கூர்மை. இப்ப பிரேக். விடு. வலது, அகலம். நடுவுல பள்ளம்."

"அம்மா, எனக்குக் கண்ணு தெரியுது."

கசில்டா சட்டென்று வாயை மூடினாள். ஒரு வளைவு மௌனமாகப் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அந்த மௌனம் அவனுக்கு வேகத்தைவிடப் பயமாக இருந்தது. மூன்றாவது வளைவில், தன்னையறியாமல் சொல்வதுபோல், "சரளை" என்றாள். இருந்தது.

கீழே மணி ஒலிக்கத் தொடங்கியது. நண்பகல். பிரேக் கட்டை கருகும் நாற்றம் எழ அவன் மிதித்துக்கொண்டே இறங்கினான். ஊர் எல்லையில் எதிரே ஒரு சிறிய வெள்ளைக் கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஃபாதர் செவெரீனோ. வேகத்தைக் குறைக்காமலே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இவர்கள் மேல் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, அடுத்த பூசைக்குப் பறந்தார்.

"முடிச்சுட்டாரு" என்றான் ராமிரோ.

"அவர் வேலைதான் முடிஞ்சுது. மிதி."

கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்குள் சைக்கிளோடே நுழைந்தார்கள். சுவரின் முன் முப்பது பேர் திரும்பிப் பார்த்து விலகினார்கள். அதில் நெஞ்சுயர வரிசையில் அப்பாவின் பெட்டி வைத்த அறை. கொத்தனார் தமாசோ செங்கல்லை அடுக்கி, மேலே ஒரே ஒரு கல்லுக்கான இடைவெளியில் வந்து நின்றான். கையில் அந்தக் கல் இருந்தது. சாந்தும் பூசியிருந்தது.

"கசில்டாக்கா, சாந்து இறுகுது."

"இறுகட்டும்."

கசில்டா சைக்கிளிலிருந்து இறங்கினாள். ராமிரோ தோளைப் பிடித்தான். உதறிவிட்டுச் சுவரை எட்டினாள். ஈரச் செங்கல்லில் இரண்டு கையையும் ஊன்றி, இடைவெளியில் வாயை வைத்தாள். அழப்போகிறாள் என்று எல்லோரும் தலையைக் குனிந்தார்கள்.

"வந்துட்டோம், அமாதேயோ" என்றாள். வழியெல்லாம் பேசிய அதே குரல். "முப்பது பேரு இருக்காங்க. உன் தம்பி மீசைய எடுத்துட்டான், நல்லால்ல. அவன் பொண்டாட்டி அழுவுறா, நிஜமாத்தான். கோபுரத்துல ஓடு மாத்தியிருக்காங்க, ஒரு பக்கம் மட்டும் புதுச் சிவப்பு. காசு பத்தலபோல. சுவருக்கு அந்தாண்ட பாதாம் காய் தோல் வெடிச்சிருக்கு. மேல ரெண்டு கழுகு. இல்ல, மூணு. மேகம் இல்ல."

பின்னால் யாரோ செருமினார்கள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ராமிரோ அம்மாவின் அருகில் போய்க் குனிந்தான்.

"அம்மா, என்ன பண்ற?"

"ஊர் வந்து சேந்தா சொல்லணும். எல்லாத்தையும் சொல்லி முடிச்சாத்தான் அவரு எறங்குவாரு."

"அவருக்கு எதுக்கு நீ சொல்லணும்?"

கசில்டா அவன் பக்கம் திரும்பவில்லை. இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமா உங்கப்பா கண்ணுக்கு நடுவுல இருக்கிறது ஒண்ணும் தெரியாது. ஓரம் மட்டும் கொஞ்சம் தெரியும். உன்கிட்ட சொன்னா சைக்கிளப் பிடுங்கி வெச்சிருப்ப."

ராமிரோ மலையை நிமிர்ந்து பார்த்தான். வளைவுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உச்சி வரை ஏறிப் போயின.

"அந்த எறக்கம் எல்லாம்?"

"என் வாயாலதான் எறங்கினோம்."

தமாசோ கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தான். சாந்து அதன் மேல் வெடிப்புவிட்டிருந்தது. அதைச் சுரண்டித் தட்டிவிட்டு, சட்டியையும் கவிழ்த்துக் கொட்டினான். பிறகு குழாயடிக்குப் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, புதிதாகக் குழைக்க உட்கார்ந்தான்.