முன்கூட்டிக் கட்ட வந்த நேர்த்திக்கடன்

அடெமிர் மெழுகுக் குழந்தையை வாங்கியபோது ஜாசிரா கொஞ்சம் தள்ளி ஐஸ்கிரீம் வரிசையில் நின்றிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரொட்டி வாங்கி வீட்டுக்குக் கிளம்பிய ஆள் மாதிரி நிற்கிறான். முழங்கை நீளம் இருக்கும். வெளிர் மஞ்சள் நிறம். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் யாரோ தூக்குவார்கள் என்பதுபோல முன்னால் நீண்டிருந்தன.

"இது என்ன?"

"பிள்ளை."

"அது தெரியுது. யாரோட பிள்ளை?"

"நம்ம பிள்ளைதான். ஊரான் பிள்ளைய நான் ஏன் தூக்கப்போறேன்?"

ஜாசிராவுக்கு அப்போது ஆறு மாதம். சாந்தாரேமிலிருந்து படகில், கொக்கியில் கட்டிய தூளியில் படுத்தபடி ஆற்றோடு வந்து பெலேமில் இறங்கியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து எடுத்த முதல் விடுமுறை அது. அடெமிர் படகு எஞ்சின் மெக்கானிக். ஆற்றில் படகு ஓடும்வரை அவனுக்கு ஓய்வு கிடையாது, ஆறோ வற்றுவதே இல்லை. அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பிள்ளை வந்துவிட்டால் எங்கும் நகர முடியாது, அதற்குள் ஒரு தடவை நகரத்தைப் பார்த்துவிடலாம் என்று அவன்தான் கிளப்பினான். அதுவும் அக்டோபரில், நசரே மாதாவின் சீரியோ ஊர்வலம் நடக்கும் வாரத்தில், ஊரே நெரிசலில் பிதுங்கும்போது ஏன் என்று அவள் கேட்டாள். முதலாளி அப்போதுதான் லீவு தருகிறான் என்றான். மெழுகுக் குழந்தையைப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

முன்பு இரண்டு தங்கவில்லை. இது தங்குமா என்பதைத் தவிர அந்த வருஷம் அவள் மனதில் வேறு கேள்வி இருக்கவில்லை. அதை அவள் வாய்விட்டு யாரிடமும் கேட்டதும் இல்லை. அடெமிர் கேட்டிருக்கிறான். மூன்றாவது மாதம் தாண்டிய அன்று, ஒரு படகின் எஞ்சின் அறையில், கையெல்லாம் கிரீஸோடு நசரே மாதாவிடம் நேர்ந்துகொண்டானாம். பிள்ளை நல்லபடியாக வந்தால் மெழுகுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் நடக்கிறேன் என்று.

வீடு கிடைத்தவன் மெழுகு வீட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பான். கால் பிழைத்தவன் மெழுகுக் காலோடு நடப்பான். எதுவானாலும் கிடைத்த பிறகுதான்.

"பெத்த பிறகுதானே தூக்கணும்? வயித்துல இருக்கிறதுக்கு யாராவது கடன் கட்டுவாங்களா?"

"வந்தது வந்துட்டோம். கட்டிட்டுப் போயிடுவோமே. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு மறுபடியும் அத்தனை தூரம் யார் வர்றது? லீவு குடுப்பானோ மாட்டானோ. அடுத்த வருஷம் யார் கண்டா?"

"மாதாவுக்கே அட்வான்ஸா?"

"அட்வான்ஸ் வாங்காம நான் எந்த எஞ்சினைத் தொட்டிருக்கேன்? கை நீட்டி வாங்கிட்டா வேலைய முடிச்சுக் குடுக்கணும். அதுதான் முறை."

"எஞ்சின் ஓடலைன்னா உன்கிட்ட அட்வான்ஸைத் திருப்பிக் கேப்பாங்க. நீ மாதாகிட்ட போய் என்னத்தைத் திருப்பிக் கேப்பே?"

அவன் பிள்ளையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். அவள் கையிலிருந்த ஐஸ்கிரீம் மணிக்கட்டுவரை வழிந்திருந்தது.

அப்போது மதிய மழை பிடித்துக்கொண்டது. மீன் சந்தையின் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். அடெமிர் சட்டைப் பொத்தானைக் கழற்றி மெழுகுக் குழந்தையை உள்ளே விட்டுக்கொண்டான். வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. இறால் விற்கிற பெண் ஜாசிராவை விட்டுவிட்டு அவனைப் பார்த்து, "எத்தனை மாசம், மாப்பிள்ளை?" என்றாள்.

"நாள் நெருங்கிடுச்சு," என்றான் அடெமிர்.

"சிசேரியனா?"

"பொத்தானைக் கழட்டினாப் போதும்."

ஜாசிரா சிரிக்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

அவர்கள் டோனா ஒண்டினா என்ற விதவையின் வீட்டில் பின்னறை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சீரியோ வாரத்தில் பெலேமில் பாதி வீடுகள் விடுதிகளாகிவிடும். மற்ற எல்லா வீட்டையும்போல அங்கேயும் மனிசோபா கொதித்துக்கொண்டிருந்தது. மரவள்ளி இலையை அரைத்து, அதிலுள்ள நஞ்சு போக ஒரு வாரம் அடுப்பிலேயே வைத்திருப்பார்கள். பிறகு உப்புக்கண்டமும் பன்றிக்கறியும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் முடிந்ததும் சாப்பிடுவது வழக்கம். அந்த வாரம் முழுக்கத் தெருவே அந்தப் பச்சை வாடையில் கிடக்கும்.

ஒண்டினா மெழுகுக் குழந்தையைப் பார்த்தாள். ஜாசிராவின் வயிற்றைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, உன் புருஷன் தட்டைக் கழுவி வச்சுட்டுதான் சாப்பிட உக்காருவான் போல."

"அவர் அப்படித்தான், டோனா ஒண்டினா. கல்யாணத்தன்னிக்குக் கேக்கைக்கூட முதல்நாளே வெட்டிப் பாத்தவர்."

"கெட்டுப்போச்சான்னு பாத்தேன்," என்றான் அடெமிர்.

அவன் குழந்தையைக் கட்டிலுக்கு மேலிருந்த பலகையில், சுவரோரம் சாய்த்து வைத்தான். அந்தச் சுவருக்கு மறுபக்கம் அடுப்பு இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

விடுமுறை நன்றாகவே போனது. காலையில் நாடக அரங்கைச் சுற்றிப் பார்த்தார்கள். சாயங்காலம், மழை விட்ட பிறகு, தெருமுனையில் சுரைக்குடுக்கையில் தக்காக்கா என்ற சூடான சூப்பை ஊற்றித் தருபவளிடம் வாங்கிக் குடித்தார்கள். அதில் கிடக்கும் கீரை உதட்டை மரக்க வைத்தது. மரத்த உதட்டோடு அடெமிர் பேச முயன்றதைப் பார்த்து அவள் விலாவைப் பிடித்துக்கொண்டாள். மாமரத்தடியில் நிறுத்தியிருந்த கார் மேல் பழம் விழுந்து கண்ணாடி தெறித்தது. கார்க்காரன் மரத்தைத் திட்டினான், பழத்தை எடுத்துத் தின்றான். பிள்ளை உதைக்கும்போதெல்லாம் அவள் அவன் கையை இழுத்து வயிற்றில் வைப்பாள். அவன் எஞ்சின் சத்தம் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்துக்கொள்வான்.

மெழுகுக் குழந்தையைப் பற்றிய வாக்குவாதம் மட்டும் துண்டு துண்டாக நடந்துகொண்டிருந்தது. பல் துலக்கும்போது கொஞ்சம், பேருந்துக்கு நிற்கும்போது கொஞ்சம்.

"வாங்கினது வாங்கினதாவே இருக்கட்டும். பெத்த பிறகு தூக்கு."

"நான் வாக்கு குடுத்திருக்கேன்."

"பிள்ளை வந்தாதானே வாக்கு? வரட்டுமே."

"வராதுங்கறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

அத்தோடு நிற்கும். அதற்கு மேல் போனால் இருவரும் பேச விரும்பாத ஒன்றைப் பேச வேண்டியிருக்கும்.

சனிக்கிழமை காலை ஆற்றில் படகு ஊர்வலம். அடெமிர் விடியும் முன்பே போய்விட்டான். வெயிலுக்குப் பயந்து ஜாசிரா போகவில்லை. கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தவள் தற்செயலாகப் பலகையைப் பார்த்தாள். குழந்தையின் வலது கை தொங்கியிருந்தது. இடது கையும் தாழத் தொடங்கியிருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, உறக்கம் வந்த பிள்ளை மாதிரி இருந்தது. எழுந்து சுவரைத் தொட்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

அவள் படிக்காதவள் அல்ல. மெழுகு உருகும் என்பது அவளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புக்குப் பாடமாக நடத்தியிருக்கிறாள். குழந்தையை எடுத்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தாள்.

வழக்கமாக அந்த நேரத்தில் பிள்ளை புரளும். புரளவில்லை. அடுக்களைக்குப் போய்க் குளிர்ந்த தண்ணீர் வாங்கிக் குடித்தாள். ஒண்டினா ஏதோ கேட்டாள், இவள் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தாள். முன்பு இரண்டு தடவையும் முதலில் வந்தது இந்த அமைதிதான். தெருவில் யாரோ வாணம் விட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மனிசோபா கொதிக்கும் சத்தம் சீராகக் கேட்டது. அவள் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. வீட்டில் ஒரு நேர்த்திக்கடன் போதும் என்று தோன்றியது.

பிறகு உதைத்தது. முதலில் மெல்ல, பிறகு எரிச்சல் வந்தாற்போல.

அடெமிர் முகமெல்லாம் வெயிலில் சிவந்து, டீசல் வாடையோடு வந்தபோது அவள் கண்ணீரைத் துடைத்து முடித்திருந்தாள். அவன் ஜன்னலோரம் பார்த்தான்.

"யார் இப்படி வளைச்சது?"

"மனிசோபா."

அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு வட்டாவில் வெந்நீர் வாங்கி வந்து, குழந்தையை முக்கி, மடியில் குப்புறக் கிடத்தி, இடது உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு கைகளை நிமிர்த்த முயன்றான். எஞ்சினில் பொடி ஆணி திருகுகிற நிதானம் அந்த விரல்களில் இருந்தது. இடது கை நிமிர்ந்தது. வலது கை பாதிவரை வந்து நின்றுவிட்டது. அழுத்திய அழுத்தலில் அவன் கட்டைவிரல் குழந்தையின் முதுகில், கழுத்துக்குக் கீழே பதிந்து குழியாகிவிட்டது. அதை ஆற்றத் தெரியாமல் ஊதினான்.

"எஞ்சினா இருந்தா பார்ட்டை மாத்திடுவேன்," என்றான்.

"விடு. கை உடைஞ்சிடப் போகுது."

அவன் விட்டான். ஈரக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். முன்பு இரண்டு தடவையும் அவளுக்குத் தைரியம் சொன்னவன் அவன்தான். அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"நாளைக்குத் தூக்கலை," என்றான்.

அவள் கேட்டது அதைத்தான். கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தெருமுனையில், ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று ஊர்வலம் பார்த்தார்கள். மாதாவின் பல்லக்கு கடந்தபோது எல்லோரும் கைகளை உயர்த்தினார்கள். அடெமிரும் உயர்த்தினான். ஒன்றுமில்லாத கைகள். ஊருக்குத் திரும்பும் படகில் மெழுகுக் குழந்தை செய்தித்தாளில் சுற்றி, அவன் பழைய சட்டை ஒன்றில் பொதிந்து, அவர்கள் தூளிக்குப் பக்கத்தில் பையில் தொங்கியது.

ஜனவரியில் பெண் பிறந்தாள். அடெமிர் முதலில் பார்த்தது அவள் கைகளை. ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தான். யோலாண்டா என்று பெயர் வைத்தார்கள். அக்டோபருக்கு லீவு கேட்க வேண்டும் என்று அப்போதே முதலாளி காதில் போட்டு வைத்தான்.

மே மாதம், கரையில் கட்டியிருந்த ஒரு படகில் எஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் கேட்டானாம். கொண்டுவந்தபோது அவனுக்குத் தேவைப்படவில்லை.

அக்டோபரில் ஜாசிரா பிள்ளையோடு படகேறினாள். ஒண்டினா இந்தத் தடவை முன்னறையைக் கொடுத்தாள். மெழுகுக் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக் குளிர்பெட்டியில், பியர் பாட்டில்களுக்கு நடுவில் படுக்க வைத்தாள்.

"அங்கேயே கிடக்கட்டும். என் அடுப்பு மேல இன்னொரு பழி வேணாம்." பிறகு கதவை மறுபடி திறந்து பார்த்தாள். "புதுசா ஒண்ணு வாங்கிடு, தங்கச்சி. இது கையப் பாத்தா மாதாவுக்கே சங்கடமா இருக்கும்."

"அவர் நேர்ந்துக்கிட்டு வாங்கினது இதைத்தான்."

"நேர்ந்துக்கிட்டவனே இல்லையே."

"அதனாலதான் நான் வந்திருக்கேன்."

ஒண்டினா பானையைக் கிளறினாள். "அவன் அன்னிக்கே கட்டியிருந்தா..." என்றவள் கரண்டியை நிறுத்தினாள்.

"கட்டியிருந்தா?"

"ஒண்ணுமில்ல. உப்பு போதுமான்னு சொல்லு."

ஜாசிரா வாயில் வைத்துப் பார்த்தாள். போதும் என்றாள். ஒண்டினா முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம் அவளுக்குப் புதிதல்ல. மே மாதத்திலிருந்து அது வீட்டில் அவளோடு குடியிருந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து அவள் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: அவன் கேட்டது பிள்ளையை. பிள்ளை இருந்தது. தனக்கென்று அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யோலாண்டாவைத் துணியால் மாரோடு கட்டிக்கொண்டு, மெழுகுக் குழந்தையை வலது கையால் முதுகைப் பிடித்துத் தோளில் சாய்த்தபடி நடந்தாள். முன்னும் பின்னும் வீடுகள், கால்கள், படகுகள், ஒரு பட்டப்படிப்புத் தொப்பி. பக்கத்தில் மெழுகுத் தலையைச் சுமந்து வந்த ஒருவன், "இரட்டையா, அக்கா?" என்றான்.

"ஒண்ணுதான். இது அவளுக்காக."

"அப்பா எங்க?"

"முன்னால போயிட்டார்."

அவன் முன்னால் எட்டிப் பார்த்தான். அந்தக் கூட்டத்தில் யாரையும் அடையாளம் காண முடியாது.

நேர்த்திப் பொருள்களை வாங்கிக்கொள்ளும் வண்டி ஒரு திருப்பத்தில் நின்றது. மேலே நின்ற பெண் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். ஜாசிரா கொடுத்தாள். அந்தப் பெண் வளைந்த கையைப் பார்த்தாள். ஒரு வீட்டுக்கும் ஒரு காலுக்கும் நடுவே இடம் பார்த்து உட்கார வைத்தாள். வண்டி நகர்ந்தது.

ஜாசிராவின் கை மட்டும் இன்னும் பிடித்த வாக்கிலேயே இருந்தது. கட்டைவிரல் கொஞ்சம் வளைந்து, எதிலோ பதிந்தாற்போல. பிடிக்க வாகாக இருக்கிறது என்றுதான் வழியெல்லாம் மெழுகு முதுகிலிருந்த அந்தக் குழியில் வைத்திருந்தாள். யாருடைய குழி என்று நினைக்கவே இல்லை. யோலாண்டா அந்த விரலை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். மெழுகு வாடை பிடிக்காமல் முகத்தைச் சுளித்தாள். ஆனால் விடவில்லை.